ஃபோர்டு திரும்பி வருது… ஆட்கள் திரும்பி வருவாங்களா? செங்கல்பட்டின் ‘யாரும் நிக்க மாட்டேங்கறாங்க’ பிரச்னை

மறைமலை நகர் ஃபோர்டு ஆலை மறுபடியும் இயங்கப் போகிறது. 2025 அக்டோபர் 31ஆம் தேதி தமிழ்நாடு அரசுடன் அந்த நிறுவனம் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. முதலீடு 3,250 கோடி ரூபாய். ஆண்டுக்கு 2.35 லட்சம் என்ஜின்கள். உற்பத்தி தொடங்குவது 2029ல். வேலைவாய்ப்பு 600 பேருக்கு மேல்.

செய்தி வந்த அன்று எல்லோரும் பேசியது முதலீட்டைப் பற்றித்தான். ஆனால் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது கடைசி எண்ணை. இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துகிறோம் என்று 2021ல் ஃபோர்டு அறிவித்தபோது, பாதிக்கப்பட்ட ஊழியர்கள் ஏறத்தாழ 4,000 பேர். அதில் மறைமலை நகர் ஆலையின் நிரந்தரத் தொழிலாளர்கள் மட்டும் சுமார் 2,600 பேர்.

இன்னொரு பக்கம், கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரகடம் வரைக்கும், அந்தப் பக்கம் மாமல்லபுரம் ரிசார்ட்டுகள் வரைக்கும் முதலாளிகளும் ஹெச்.ஆர். அதிகாரிகளும் சொல்லும் புகார் ஒன்றுதான்: “ஆள் கிடைக்கல. கிடைச்சாலும் நிக்க மாட்டேங்கறாங்க.” இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று காரணமும் உடனே வரும்.

உண்மையிலேயே பொறுமைதான் பிரச்னையா? மறைமலை நகரில் நடந்ததைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

ஃபோர்டில் நடந்தது என்ன?

1990களின் நடுவில் மஹிந்திராவுடன் கூட்டு சேர்ந்து ஃபோர்டு இந்தியாவுக்குள் வந்தது. ஜிஎஸ்டி சாலை ஓரத்தில், மறைமலை நகரில் ஆலை எழுந்தது. 1999ல் ஐகான், 2010ல் ஃபிகோ, 2013ல் இகோஸ்போர்ட் என்று வரிசையாக வண்டிகள் வந்தன. உச்சத்தில் அந்த ஆலையின் திறன் ஆண்டுக்கு 2 லட்சம் கார்கள், 3.4 லட்சம் என்ஜின்கள். இங்கே செய்த கார்கள் உள்ளூரில் ஓடியதைத் தாண்டி கப்பலேறி வெளிநாடுகளுக்கும் போயின. சென்னையை ‘இந்தியாவின் டெட்ராய்ட்’ என்று சொல்லிச் சொல்லிப் பழகியதில் இந்த ஆலைக்குப் பெரிய பங்கு உண்டு.

2021 செப்டம்பர் 9ஆம் தேதி அறிவிப்பு வந்தது. 10 ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் இழப்பு, இனி தாங்காது என்றது ஃபோர்டு. மஹிந்திராவுடன் புதிதாகப் போடவிருந்த கூட்டு ஒப்பந்தம் அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே முறிந்திருந்தது. குஜராத்தின் சனந்த் ஆலையில் கார் தயாரிப்பு முதலில் நின்றது. மறைமலை நகர் ஆலைக்கு 2022 நடுப்பகுதி வரை கெடு.

சனந்த் தொழிலாளர்களுக்கு ஒரு கதவு திறந்தது. அந்த ஆலையை டாடாவின் மின்வாகன நிறுவனம் 725.7 கோடி ரூபாய்க்கு வாங்கியது. தகுதியுள்ள ஊழியர்களுக்கு வேலை கொடுப்பதும் அந்த ஒப்பந்தத்தில் ஒரு பகுதி. மறைமலை நகருக்கு அப்படி யாரும் வரவில்லை. பின்னாளில் ஜே.எஸ்.டபிள்யூ. குழுமம் வாங்கப் போகிறது என்று பேச்சு அடிபட்டு, 2023 இறுதியில் அதுவும் கைகூடாமல் போனது.

130 நாள் கணக்கு

2022 மே மாத இறுதியில் மறைமலை நகர் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இடையில் நிறுவனம் சொன்ன செட்டில்மென்ட் தொகை படிப்படியாக ஏறியது. முதலில் ஒரு வருட சர்வீசுக்குச் சராசரியாக 115 நாள் சம்பளம் என்றார்கள். கடைசியில் 130 நாளில் வந்து நின்றது. அந்த ஜூலையில் கடைசி கார் லைனை விட்டு வெளியே வந்தது.

இந்த 130 நாள் நல்ல தொகையா, குறைவா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 வருடம் வேலை பார்த்தவருக்கு 1,950 நாள் சம்பளம். அதாவது, ஐந்து வருடத்துக்குக் கொஞ்சம் அதிகமான சம்பளம் ஒரே தவணையில். ஆலையை மூடும்போது 1947ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டம் கட்டாயமாக்கியது ஒரு வருட சர்வீசுக்கு 15 நாள் சராசரிச் சம்பளம்தான். அதோடு ஒப்பிட்டால் 130 நாள் பெரிய தொகை. தொழிற்சங்கம் இருந்ததால், ஆட்கள் சேர்ந்து நின்றதால் கிடைத்த தொகை என்றும் சொல்ல வேண்டும்.

ஆனால் 15 வருட சர்வீஸ் உள்ளவருக்கு வயது என்ன இருக்கும்? ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ முடித்துவிட்டு 22, 23 வயதில் சேர்ந்திருந்தால் 37, 38. வீட்டுக் கடன் பாதியில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். இன்னும் 20 வருடம் சம்பாதிக்க வேண்டியவருக்கு 5 வருடப் பணம் கையில் வருகிறது. அடுத்த கம்பெனிக்குப் போனால் அங்கே 22 வயது ட்ரெய்னியோடு வரிசையில் நிற்க வேண்டும். பணத்தைவிட வேலைதான் வேண்டும் என்ற குரல் அந்தப் போராட்டத்தில் முதலில் ஓங்கி ஒலித்தது இதனால்தான்.

இந்தப் பகுதிக்கு இது முதல் அனுபவமும் இல்லை. 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தியை நிறுத்தியது. ஒரு காலத்தில் 8,000 பேர் வரை அங்கே வேலை செய்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். எட்டே வருடம். அதே வளாகத்தில் பின்னர் சால்காம்ப் வந்தது. கட்டடம் பிழைத்துக்கொண்டது என்னவோ உண்மை.

அதே ஜூன் மாதம், இரண்டு ஸ்டேஷன் தள்ளி

மறைமலை நகரிலிருந்து செங்கல்பட்டு போகும் ரயிலில் இரண்டாவது நிறுத்தம் பரனூர். இறங்கினால் மஹிந்திரா வேர்ல்டு சிட்டி. அங்கே இன்ஃபோசிஸின் பெரிய வளாகம் இருக்கிறது. 2022 ஏப்ரல்-ஜூன் காலாண்டு முடிவில் இன்ஃபோசிஸ் வெளியிட்ட கணக்குப்படி, அதற்கு முந்தைய 12 மாதங்களில் நிறுவனத்தை விட்டுத் தாங்களாகவே விலகியவர்கள் 28.4 சதவீதம். இது நிறுவனம் முழுமைக்குமான எண், இந்த வளாகத்துக்கு மட்டுமானது அல்ல. அப்படியே எடுத்துக்கொண்டாலும் நாலில் ஒருவருக்கு மேல்.

ஆக, ஒரே கோடைக்காலம், ஒரே ஜிஎஸ்டி சாலை. ஒரு கேட்டுக்கு முன்னால் வேலை போகக்கூடாது என்று உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னொரு கேட்டில் போகாதீங்க என்று கம்பெனி கெஞ்சிக்கொண்டிருக்கிறது. சம்பள உயர்வு, சீக்கிரப் பதவி உயர்வு, வீட்டிலிருந்தே வேலை என்று அன்றைக்கு ஐ.டி. நிறுவனங்கள் கொடுக்காத சலுகை இல்லை.

மூன்று வருடத்தில் அங்கேயும் காற்று மாறியது. 2025 ஜூலையில் டிசிஎஸ் உலகம் முழுவதும் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப் போவதாகச் சொன்னது. நடுத்தர, மூத்த நிலையில் இருந்தவர்களைத்தான் இது அதிகம் தொடும் என்றும் சொன்னது. அந்த நிறுவனத்தின் மிகப் பெரிய வளாகங்களில் ஒன்று இதே மாவட்டத்தில், சிறுசேரியில். 2022ல் ‘விட்டுட்டுப் போறாங்களே’ என்று வருத்தப்பட்ட அதே துறைதான். அப்போது தாவியவர்கள் பொறுமை இல்லாதவர்களா, நிலவரம் புரிந்தவர்களா என்பதை 2025ல் உட்கார்ந்து யோசித்தால் பதில் வேறு மாதிரி வரும்.

ஃபோர்டே இதற்கு நல்ல உதாரணம். ஆலை மூடிக் கிடந்த காலத்திலும் அந்த நிறுவனம் தமிழ்நாட்டை விட்டுப் போய்விடவில்லை. உலக அளவிலான அதன் அலுவலக, தொழில்நுட்பப் பணிகளில் இங்கே 12,000 பேர் வேலை செய்கிறார்கள், அடுத்த 3 ஆண்டுகளில் இன்னும் 2,500 முதல் 3,000 பேரைச் சேர்ப்போம் என்று 2024 செப்டம்பரில் அந்த நிறுவனமே சொன்னது. லேப்டாப் வேலை வளர்ந்தது, ஸ்பேனர் வேலை போனது. லைனில் நின்றவர் அந்த அலுவலகத்துக்குப் போக முடியாது. ஒரே கம்பெனி பெயர் என்பதால் ஒரே வேலைச் சந்தை ஆகிவிடாது.

அரசின் கவனமும் அந்தப் பக்கம் சாய்ந்திருப்பதைப் பார்க்கலாம். மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் சம்பளம் கொடுக்கும் உலகளாவிய திறன் மையங்களுக்கு முதல் ஆண்டு 30 சதவீதம், அடுத்த ஆண்டு 20, மூன்றாம் ஆண்டு 10 சதவீதம் ஊதிய மானியம் தருவதாக 2024 பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஷாப் ஃப்ளோர் வேலைக்கு இப்படி ஒரு கணக்கு அந்தத் திட்டத்தில் இல்லை.

ஆட்களை நிற்க வைக்க என்ன செய்கிறார்கள்?

இதற்குச் செங்கல்பட்டு எல்லையைக் கொஞ்சம் தாண்ட வேண்டும். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாகப் போகும் சாலை ஸ்ரீபெரும்புதூரில் முடிகிறது. காலையிலும் மாலையிலும் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டும் சாலை. மாவட்டம் காஞ்சிபுரம் என்றாலும் தொழிலாளர் சந்தை ஒன்றுதான்.

அங்கே 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு ஒவ்வாமை ஏற்பட்டு, 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ராத்திரியோடு ராத்திரியாகப் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஐபோன் தயாரிக்கும் அந்த ஆலை சில வாரங்கள் மூடப்பட்டு 2022 ஜனவரி 12ஆம் தேதிதான் திறந்தது. ஆலையை ஆப்பிள் கண்காணிப்பில் வைத்தது. தரையில் படுக்கை, போதாத கழிப்பறை, கெட்ட சாப்பாடு – உலகத்திலேயே விலை உயர்ந்த போன்களில் ஒன்றைச் செய்யும் கைகளுக்கு!

அந்த இரவுகளின் பலன் என்று ஒன்றைச் சொல்லலாம். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய பிரமாண்டக் குடியிருப்பு திறக்கப்பட்டது. செலவு 706.50 கோடி ரூபாய். 13 பிளாக், மொத்தம் 18,720 பேர் தங்கலாம். செங்கல்பட்டு மாவட்டத்திலும் கூடுவாஞ்சேரி, தாம்பரத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசின் ‘தோழி’ விடுதிகள் இருக்கின்றன. பாதுகாப்பான இடம், பஸ், நல்ல சாப்பாடு இருந்தால் பெண்கள் வருகிறார்கள். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

ஆனால் ஒரு கட்டில் என்பது கல்யாணம் ஆகாதவருக்கான ஏற்பாடு. கல்யாணம், குழந்தை என்று வந்ததும் ஹாஸ்டல் முடிந்தது. பல நேரம் வேலையும் முடிந்தது. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட புலனாய்வுச் செய்தி, இதே ஃபாக்ஸ்கான் ஆலையின் ஐபோன் பிரிவுக்குத் திருமணமான பெண்களை எடுக்காமல் தவிர்த்ததாகச் சொன்னது. அப்படிப் பாகுபாடு காட்டுவதில்லை என்றது நிறுவனம். மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது.

25 வயதில் போய்விடுவார் என்று தெரிந்தே ஏற்பாடு செய்துவிட்டு, 25 வயதில் போய்விடுகிறார் என்று புகார் சொல்வது எப்படி?

சம்பளமும் சலுகையும் மட்டும்தான் தொழிலாளிகள் கேட்கிறார்கள் என்பதையும் சுங்குவார்சத்திரம் உடைத்தது. 2024 செப்டம்பர் 9ல் தொடங்கி 37 நாள் நடந்த சாம்சங் வேலைநிறுத்தத்தின் மையக் கோரிக்கைகளில் ஒன்று சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது. 1,000 பேருக்கு மேல் வெளியே நின்றார்கள். சங்கம் பதிவானது 2025 ஜனவரியில், அதுவும் உயர்நீதிமன்றம் வரை போன பிறகு. அந்த 37 நாளில் அவர்கள் வேறு கம்பெனி தேடிப் போயிருக்கலாம். போகவில்லை. இங்கேயே இருக்கணும், இங்கே பேச உரிமை வேணும் என்றார்கள். நிற்கத் தயாராக இருக்கும் தொழிலாளி இப்படித்தான் இருப்பார். நிர்வாகங்களுக்கு அது பிடிக்காமல் போவது வேறு கதை.

பெர்மனென்ட், காண்ட்ராக்ட், ‘ஃபிக்சட் டேர்ம்’… என்ன வித்தியாசம்?

இந்தப் பிரச்னையின் மையமே இதுதான். இந்திய அளவில் ஆலைத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் ஒப்பந்ததாரர் மூலம் வந்தவர்கள். சட்டை ஒன்று, லைன் ஒன்று, வேலை ஒன்று. சம்பளச் சீட்டில் இருக்கும் பெயர் மட்டும் வேறு. இவர்களுக்கு மேல் பயிற்சியாளர் என்ற பெயரில் ஒரு கூட்டம். ஒரு வருடம், இரண்டு வருடம் பார்த்துவிட்டு, பெர்மனென்ட் ஆகாது என்று தெரிந்ததும் எதிர்க் கம்பெனியில் 1,000 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால் போய்விடுவார். போகாமல் என்ன செய்வார்?

2025 நவம்பர் 21ஆம் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நாடு முழுவதும் அமலுக்கு வந்தன. அதில் இந்த விஷயத்தோடு தொடர்புள்ளவை சில.

குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வேலைக்கு எடுக்கும் முறையை, அதாவது ஃபிக்சட் டேர்ம் முறையை, சட்டம் முழுமையாக ஏற்கிறது. அப்படிச் சேர்ந்தவருக்கு நிரந்தரத் தொழிலாளிக்கு உள்ள அதே சம்பளம், அதே சலுகைகள். கிராஜுவிட்டிக்கு 5 வருடம் காத்திருக்க வேண்டாம், ஒரு வருடம் போதும். எல்லோருக்கும் பணி நியமனக் கடிதம் கட்டாயம். வேலையை விட்டால் 2 வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளம். இதெல்லாம் தொழிலாளிக்கு லாபம், சந்தேகமில்லை.

மறுபக்கம் என்ன? ஃபிக்சட் டேர்ம் ஒப்பந்தத்தை எத்தனை முறை புதுப்பிக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் வரம்பு இல்லை. காலம் முடிந்து அனுப்பினால் அது ஆட்குறைப்புக் கணக்கில் வராது. அப்படியென்றால், முன்பு பார்த்த அந்த 15 நாள் இழப்பீடுகூட அவருக்குக் கிடையாது. 130 நாளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆலையை மூடவும் ஆட்களைக் குறைக்கவும் அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்பதற்கான வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆக உயர்ந்துவிட்டது. ஃபோர்டு மாதிரி பெரிய ஆலைகளுக்கு இதனால் மாற்றம் இல்லை. அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சின்ன ஆலைகளுக்கு மாற்றம் உண்டு. பெரிய கம்பெனி மூடும்போது சத்தமில்லாமல் ஷட்டர் இறங்குவது அங்கேதான்.

நிறுவனங்களின் வாதத்தையும் சொல்ல வேண்டும். ஆர்டர் ஒரு வருடம் இருக்கும், அடுத்த வருடம் இருக்காது. மாடல் மாறும், மின்வாகனம் வந்தால் லைனே மாறும். எல்லோரையும் 58 வயது வரை வைத்திருக்க முடியாது என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் ‘எங்களால் ஒரு வருடத்துக்கு மேல் வாக்குக் கொடுக்க முடியாது’ என்று சொல்பவர், ‘நீ பத்து வருடம் இருக்கணும்’ என்று எதிர்பார்க்க முடியுமா?

கடற்கரைப் பக்கம் நிலவரம் என்ன?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கதை சுருக்கமானது. ரிசார்ட்டுகளுக்குக் கூட்டம் வருவது சனி, ஞாயிறு, பண்டிகை நாட்களில். ஊரே லீவு போடும் நாளில்தான் இவர்களுக்கு டபுள் ஷிப்ட். 2022ல் செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்தபோது உலகமே வந்து தங்கிப் போனது. ஆனால் திருவிழா முடிந்த பிறகு அறைகள் காலியாக இருக்கும் வார நாட்களையும் சேர்த்துத்தான் ஒரு ஊழியர் மாதம் ஓட்ட வேண்டும்.

மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்கள் வேறு மாதிரி. 2017ல் புவிசார் குறியீடு வாங்கிய கைத்தொழில். 1957லிருந்து அரசின் சிற்பக் கல்லூரியும் இங்கே உண்டு. இங்கே திறமை கூடத்தில் இல்லை, ஆளின் கையில் இருக்கிறது. அவர் போனால் உளியோடு திறமையும் போய்விடும் என்பது கூடம் நடத்துபவருக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் அனுசரித்துத்தான் போவார். கிரைண்டரும் கட்டிங் மெஷினும் வந்து தூசி கூடியதும், வருடக்கணக்கில் கற்றுக்கொள்ள வேண்டியிருப்பதும் இளைஞர்களைத் தயங்க வைக்கிறது என்றாலும்.

இந்த இரண்டுக்கும் தெற்கே, கொஞ்ச தூரத்தில் கல்பாக்கம். முதல் அணு உலை 1984ல் உற்பத்தியைத் தொடங்கிய இடம். அங்கே நிரந்தர ஊழியர்களுக்கு அணுபுரத்திலும் கல்பாக்கத்திலும் குடியிருப்பு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், குடும்பத்துக்கு மருத்துவமனை. சம்பளத்தை மட்டும் பார்த்தால் அந்தப் படிப்புக்கு வெளியே அதிகம் கொடுப்பார்கள். ஆனாலும் வேலையில் சேர்ந்து ஓய்வுபெறும் வரை இருப்பவர்கள் அங்கே சாதாரணம். ‘யாரும் நிக்க மாட்டேங்கறாங்க’ என்று சொல்லும் அதே மாவட்டத்தில்தான் இதுவும் இருக்கிறது. தனியார் கம்பெனி எல்லாம் டவுன்ஷிப் கட்ட முடியாது, சரி. கட்டில் போட்ட ஹாஸ்டலுக்கும் குடும்பத்தோடு இருக்கும் வீட்டுக்கும் நடுவில் எதுவுமே இல்லையா?

2029ல் யார் வருவார்கள்?

மறுபடி மறைமலை நகருக்கு வருவோம். 1999ல் ஐகான் லைனில் 20 வயதில் சேர்ந்தவருக்கு 2029ல் 50 வயது. ஃபிகோ வந்த 2010ல் 22 வயதில் சேர்ந்தவருக்கு 41. இவர்களில் பலர் இதற்குள் வேறு ஆலை, சொந்தத் தொழில், வேறு ஊர் என்று போயிருப்பார்கள். வரப்போவதும் பழைய ஆலை இல்லை. கார் அசெம்பிளி கிடையாது, புதிய தலைமுறை என்ஜின்கள் மட்டும். 20 வருட அனுபவத்தை எவ்வளவுக்கு எடுத்துக்கொள்வார்கள் என்பது நிறுவனத்தின் கையில்.

புதிதாகச் சேரப்போகும் 22 வயதுக்காரருக்கு அந்தப் பழைய கதை தெரியாமலும் இருக்காது. கூடுவாஞ்சேரியிலோ சிங்கப்பெருமாள் கோவிலிலோ அவர் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு பழைய ஃபோர்டு ஊழியர் இருக்கலாம். “சேரலாமா அண்ணே?” என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்?

ஆலைக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பு வரும்போது பார்க்க வேண்டியது சம்பளத் தொகையை மட்டும் இல்லை. அந்த 600 பேரில் எத்தனை பேர் நிரந்தரம், எத்தனை பேர் ஃபிக்சட் டேர்ம், எத்தனை பேர் காண்ட்ராக்ட், 2022ல் வெளியே போனவர்களுக்கு முன்னுரிமை உண்டா என்ற நான்கையும்தான். நியமனக் கடிதத்தில் வேலை முடியும் தேதி என்று ஒரு வரி இருக்கிறதா என்பதையும்.